விசா கிடைத்த பிறகுதான் குருவி கண்ணில் படுமா?

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, பெங்களூரில் ஐந்து வருடம் குப்பை கொட்டி, இப்போது இங்கிலாந்தில் ஒரு சின்ன நகரத்தில் வேலை பார்க்கும் ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். பெயர் வேண்டாம். ஏனென்றால் இவர் ஒரு ஆள் இல்லை, ஒரு ரகம். லண்டனிலும் இருப்பார், டல்லாஸிலும் இருப்பார், சிட்னியிலும் இருப்பார்.

வீட்டுக்குப் பின்னால் கையகலத் தோட்டம். முதல் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. பேச ஆளில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பறவைத் தீனி என்று ஒரு பொட்டலம் விற்கிறது. வாங்கி வந்து ஜன்னலுக்கு வெளியே தொங்க விடுகிறார். மறுநாள் காலை நெஞ்சு சிவந்த ஒரு சின்னப் பறவை வந்து உட்காருகிறது. ராபின்! அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார். அடுத்த மாதம் காமிரா, அதற்கடுத்த மாதம் பெரிய லென்ஸ். நீலத்தலைச் சிட்டு, கறுப்புப் பாடும் பறவை, அணில், வேலிச் சந்தில் நுழைந்து வந்த நரி என்று படங்கள் குவிகின்றன. கல்லூரி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் ஒவ்வொன்றாகப் போடுகிறார். எல்லோரும் இதயம் அனுப்புகிறார்கள்.

இதுவரை ஒரு குறையும் இல்லை. நல்ல பழக்கம். குடிப்பதற்கும் கிரிக்கெட் சூதாட்டத்துக்கும் ஆயிரம் மடங்கு மேல்.

வம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்றால், படத்துக்குக் கீழே அவர் எழுதுகிற ஒரு வரியில். "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்கடா இருக்கு? இருந்த குருவியும் செல்போன் டவரால போச்சு. நம்ம ஜனங்களுக்கு இயற்கை மேல அக்கறையே கிடையாது."

மூன்று வாக்கியம். மூன்றும் தப்பு. தெரியாமல் சொன்ன தப்பு என்று விட்டுவிடவும் முடியாது. ஏனென்றால் இந்த மூன்று வாக்கியத்துக்கும் தருமபுரி மாவட்டம் ஒரு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

முதல் வாக்கியம்: "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க இருக்கு?"

இவர் படம் எடுத்த அதே ராபினிடமிருந்தே தொடங்கலாம். தருமபுரி மாவட்டத்தில் கல் அடுக்கிய வேலி இருக்கிற எந்தக் காட்டுக்குப் போனாலும் ஒரு கறுப்புச் சின்னப் பறவை வாலைத் தூக்கிக்கொண்டு குதிக்கும். தோளில் ஒரு வெள்ளைக் கோடு, வாலுக்கு அடியில் செங்கல் நிறம். தமிழில் அதற்குக் கருஞ்சிட்டு என்று பெயர். ஆங்கிலத்தில் அதன் பெயர் என்ன தெரியுமா? இண்டியன் ராபின்! ஊரை விட்டு ஊர் வந்த வெள்ளைக்காரர்கள், தங்கள் வீட்டுத் தோட்டத்துப் பறவையின் நினைப்பில் இதற்கும் அதே பெயரை வைத்தார்கள். அமெரிக்காவுக்குப் போன வெள்ளைக்காரர்களும் இதையேதான் செய்தார்கள். அங்கே அமெரிக்கன் ராபின் என்பது வேறு குடும்பத்துப் பறவை. நெஞ்சு கொஞ்சம் சிவப்பாக இருந்தது, போதும், ராபின் ஆகிவிட்டது.

அவர்கள் கடல் கடந்து வந்து, முன்பின் தெரியாத பறவையில் தங்கள் ஊர்ப் பறவையைத் தேடினார்கள். இவர் கடல் கடந்து போய், தெரியாத பறவையைப் பார்த்துவிட்டுத் தன் ஊரில் ஒன்றுமே இல்லை என்கிறார். என்ன ஒரு வித்தியாசம்!

வெள்ளைக்காரர்கள் கதை தருமபுரிக்குப் புதிதல்ல. பாரமகால் கும்பெனியின் கைக்கு வந்தபோது, 1792 முதல் 1799 வரை அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாக இங்கே வரி நிர்ணய வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னையின் கவர்னரான அதே மன்றோதான். தருமபுரியில் வீடும் தோட்டமும் போட்டு, அதை விட்டுப் போக மனசில்லாமல் போனவர். அதற்குப் பிறகு வந்த மருத்துவர் ஜெர்டன், வேலை நேரம் போக மீதி நேரத்தில் தென்னிந்தியப் பறவைகளைப் பார்த்துப் பார்த்து, 1862க்கும் 1864க்கும் இடையில் இந்தியப் பறவைகளைப் பற்றி ஒரு பெரிய நூலையே கொண்டுவந்துவிட்டார். மஞ்சள் தொண்டைச் சின்னானை முதலில் அறிவியலுக்கு விவரித்தவரும் அவர்தான். அந்தப் பறவை உலகத்திலேயே தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டும்தான் வாழ்கிறது. பன்னாட்டுச் செம்பட்டியலில் அழியும் ஆபத்துக்கு உட்பட்டது. அது வாழ்கிற மாதிரியான பாறைக் குன்றுகள் எங்கே இருக்கின்றன? இவர் பிறந்த கிராமத்திலிருந்து ஒகேனக்கலுக்குப் போகிற வழி நெடுக!

சும்மா ஒரு எண்ணிக்கைக்குச் சொன்னால், இந்தியாவில் இதுவரை பதிவான பறவை வகைகள் 1,300க்கு மேல். அதில் தருமபுரிக்காரர் வீட்டை விட்டு நூறு அடி நகராமல் பார்க்கக்கூடியவை எத்தனை! கொண்டைக்குருவி, தேன்சிட்டு, செம்போத்து, கொண்டலாத்தி, பஞ்சுருட்டான், கரிச்சான், வால்காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, பனங்காடை, கௌதாரி, ஆட்காட்டி. கிணற்றுக்குள் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடு. மேலே வல்லூறு. இதெல்லாம் காட்டுக்குள் போய்த் தேட வேண்டியவை அல்ல. புளியமரத்திலும் மாந்தோப்பிலும் கொட்டகை ஓரத்திலும் இருப்பவை. காட்டுக்குள் போனால் கதையே வேறு. காவிரிக் கரையில் சாம்பல் நிற மலையணில், ஆற்றில் நீர்நாயும் முதலையும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு 686 சதுர கிலோமீட்டர்.

"எங்க இருக்கு" என்று கேட்டால் பதில் இதுதான்: இருந்த இடத்திலேயே இருக்கிறது. பார்க்கிற ஆள்தான் இடம் மாறிவிட்டார்.

இரண்டாவது வாக்கியம்: "செல்போன் டவரால குருவி போச்சு."

2018ல் வந்த 2.0 படத்துக்குப் பிறகு இது ஏறக்குறைய வேதவாக்கு ஆகிவிட்டது. ஆனால் டவர் கதிர்வீச்சுதான் குருவியை அழித்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இன்னொரு விஷயம், குருவி 'போய்விடவும்' இல்லை. 2020ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதையும் வைத்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்து வருகிறது என்று சொன்னது. தருமபுரி பேருந்து நிலையப் பக்கம் அரிசி மண்டியில் பத்து நிமிடம் நிற்கப் பொறுமை இருந்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குருவி உண்மையிலேயே பெரிய அளவில் குறைந்த நாடு எது? இவர் இப்போது குடியிருக்கும் அதே இங்கிலாந்து! அங்கே 1979லிருந்து கணக்குப் பார்த்தால் தோட்டங்களில் சிட்டுக்குருவி பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது. 2002லேயே அதைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். குறைந்த பிறகும் தோட்டங்களில் அதிகம் தென்படுவது குருவிதான் என்பதால் இவர் கண்ணுக்கு அது தெரியவில்லை.

இந்தக் கணக்கு அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? அதுதான் முக்கியம். 1979ல் ஆர்.எஸ்.பி.பி. என்கிற பறவைப் பாதுகாப்புச் சங்கம், பிள்ளைகளுக்காக ஒரு சின்ன வேலையைத் தொடங்கியது. ஜனவரிக் கடைசியில் ஒரு வார இறுதி, ஒரு மணி நேரம், உங்கள் தோட்டத்தில் வந்து இறங்கும் பறவைகளை எண்ணுங்கள், எழுதி அனுப்புங்கள். பிபிசியில் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றில் அறிவித்தார்கள். பிள்ளைகள் எண்ணினார்கள், பிறகு அவர்களின் பாட்டிகளும் எண்ணினார்கள். இன்று அஞ்சு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எண்ணுகிறார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் விடாமல் எண்ணியதால்தான் எது குறைந்தது, எவ்வளவு குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடிகிறது.

அங்கே அவர்கள் எண்ணிப் பார்த்துச் சொல்கிறார்கள். இங்கே சினிமா பார்த்துச் சொல்கிறார்கள். வெளிநாட்டில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டென்றால் அது ராபினை ரசிப்பது அல்ல, இந்த எண்ணுகிற புத்திதான். அதை மட்டும் கவனமாக அங்கேயே விட்டுவிட்டு, படத்தை மட்டும் ஊருக்கு அனுப்புகிறார்கள்.

தோட்டத்தில் தீனி வைப்பதிலும் அதே புத்தி வேண்டும். பிரிட்டனில் பச்சைச் சிட்டு என்று சொல்லத்தக்க கிரீன்ஃபின்ச், 2005க்குப் பிறகு பரவிய ஒரு தொண்டை நோயால் மளமளவென்று சரிந்து, 2021ல் சிவப்புப் பட்டியலுக்குப் போனது. பறவைகள் கூட்டமாகத் தின்னும் அழுக்கான தீனித் தட்டுகளும் தண்ணீர்த் தொட்டிகளும் அந்த நோய் பரவ வழி செய்தன. அன்பாக வைத்த தட்டுதான்! கழுவி வைக்கத் தெரியாவிட்டால் அன்பும் ஆளைக் கொல்லும்.

மூன்றாவது வாக்கியம்தான் மோசமானது: "நம்ம ஜனங்களுக்கு அக்கறையே கிடையாது."

இதைப் படிக்கும்போது பாலக்கோடு பக்கத்து ராகிக் காட்டுக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். மானாவாரி. மழை வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. விளைந்தது வீட்டுக்கு வருகிற வாரத்தில் காட்டுப்பன்றி வருகிறது, மயில் வருகிறது, இரவில் யானை வருகிறது. அந்த ராகிதான் வருடம் முழுக்கக் களி. இங்கிலாந்துத் தோட்டத்தில் அணில் வந்து பறவைத் தீனியைத் தின்றால் நஷ்டம் ஒரு பவுண்டோ இரண்டோ. அதையும் படம் எடுத்து, "குறும்புக்காரன்" என்று எழுதி, ரசிக்கலாம். ராத்திரி பத்து யானை வந்து மிதித்துவிட்டுப் போன காட்டின் முன்னால் நின்று அப்படி எழுத யாருக்கு மனசு வரும்?

2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே விளைநிலத்தில் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் செத்துப்போயின. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. அதே மாதம் கம்பைநல்லூர் அருகே இன்னொரு யானை உயர் அழுத்த மின்கம்பியில் பட்டுச் செத்தது. மின்வேலி குற்றம்தான். அதற்கு வக்காலத்து வாங்க முடியாது. யானை மட்டுமல்ல, ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற மனிதனும் அதில்தான் சாகிறான். ஆனால் அந்தச் செய்தியைப் பகிர்ந்து, "காட்டுமிராண்டிகள்" என்று ஐயாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்து எழுதுவது நியாயமா? பயிர் நஷ்டத்துக்கு ஈடு சரியாக, சீக்கிரமாகக் கிடைக்கிறதா, யானை வழித்தடத்தில் என்னென்ன எழும்பியிருக்கிறது, தாழ்வாகத் தொங்கும் கம்பியை யார் உயர்த்துவது என்று கேட்பதுதான் அக்கறை. புல் வெட்டிய தோட்டத்தில் வருகிற நரியை நேசிப்பது சுலபம். அந்த அன்புக்கு யாரும் அங்கே விலை கேட்பதில்லை.

சரி, ஊர் ஜனங்கள் பார்க்கவே இல்லையா? பார்க்காமலா பெயர் வைத்தார்கள்? ஆள் வருவதைக் கத்திக் காட்டிக் கொடுப்பதால் ஆட்காட்டி. தவிட்டு நிறம் என்பதால் தவிட்டுக்குருவி. பனையில் உட்காருவதால் பனங்காடை. ஓலை நுனியில் கூட்டைத் தூக்கிக் கட்டுவதால் தூக்கணாங்குருவி. புத்தகம் எழுதத் தெரியாதவர்கள் வைத்த பெயர்கள்தான் இவை. ஆடு மேய்க்கிற பாட்டிக்குக் கௌதாரி எந்தப் புதரில் முட்டை வைக்கும் என்று இன்றைக்கும் தெரியும்.

பார்க்காதவர் யார் என்றால், அந்தப் பாட்டியின் பேரன்தான். அதாவது இவர்! விடிகாலை நாலரை மணிக்கு எழுப்பி, விடுதியில் போட்டுப் பூட்டி, பத்தாம் வகுப்புப் பாடத்தை ஒன்பதிலும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைப் பதினொன்றிலும் நடத்தித் தேய்த்தெடுக்கும் பிராய்லர் பள்ளிகளில் படித்து வந்தவர். அங்கே ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது தண்டனைக்குரிய குற்றம். பிறகு கல்லூரி, பிறகு பெங்களூர், பிறகு விசா. முப்பது வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு ஜன்னல் ஓரத்தில் சும்மா உட்கார நேரம் கிடைத்தது. அந்த நேரம் தற்செயலாக இங்கிலாந்தில் வாய்த்தது. அதனால் பறவையும் இங்கிலாந்தில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பாவம், அவர் மேல் முழுப் பழியும் போட முடியாது. ஆனால் தன் கண்ணைக் கட்டியது யார் என்று யோசிக்காமல் ஊரின் மேல் பழி போடுகிறாரே, அதைத்தான் ஏற்க முடியாது.

அந்த வரியால் தருமபுரி கொடுக்கிற விலை என்ன? அதையும் பார்த்துவிடலாம்.

2023ல் வெளியான பறவைகள் நிலை அறிக்கை 942 வகைகளைப் பற்றிப் பேசியது. அதன் அடிப்படை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இ-பேர்டு தளத்தில் பதிந்த மூன்று கோடிக் குறிப்புகள். மயில் பெருகியிருக்கிறது என்று சொன்னதும் அதுதான். பனங்காடை வேகமாகக் குறைகிறது, அதன் ஆபத்து நிலையை மறுபடி ஆராய வேண்டும் என்று பரிந்துரைத்ததும் அதுதான். பனங்காடை! மின்கம்பியில் உட்கார்ந்து, இறக்கையை விரித்தால் நீல வாணம் விட்டதுபோல் பறக்குமே, அதே பறவை. பார்த்துப் பார்த்து அலுத்துப்போன பறவை என்று தருமபுரிக்காரர்கள் நினைப்பது. அது குறைகிறது என்பது எழுதி வைத்தவர்களால் மட்டும்தான் தெரிய வந்தது.

எழுதி வைக்காத ஊர் என்ன ஆகும்? ஒரு ஏரியை நிரவி மனை போடும்போது, ஒரு குன்றைக் குவாரிக்குக் கொடுக்கும்போது, "இங்கே என்ன இருக்கிறது, வெறும் முள்ளும் கல்லும்தானே" என்று சொல்லிவிட முடியும். எதிர்த்துப் பேசக் கையில் ஒரு காகிதமும் இருக்காது. பெரிய நகரங்களில் ஏரிக்கு ஒன்று என்றால் பத்துப் பேர் பட்டியலோடு வருகிறார்கள். ராமக்காள் ஏரிக்கும் நாகாவதி அணைக்கும் தும்பலஹள்ளி அணைக்கும் வாணியாற்றுக்கும் வத்தல்மலைக்கும் சித்தேரிக்கும் அப்படி வர எத்தனை பேர்? படித்த பிள்ளைகள் பெங்களூரிலும் திருப்பூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். இருந்துகொண்டு, ஊரில் ஒன்றுமில்லை என்று அவர்களே எழுதியும் கொடுக்கிறார்கள். நிரவ வருகிறவனுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா?

"அங்கே இருந்துகொண்டு என்னப்பா செய்ய முடியும்?" என்று கேட்கலாம். செய்தவர்கள் இருக்கிறார்கள்.

சாலிம் அலி ஜெர்மனிக்குப் போய் பெர்லினில் பறவையியல் படித்தார். திரும்பி வந்தபோது வேலை இல்லை. 1930ல் பம்பாய்க்கு அக்கரையில் கிஹிம் என்கிற கடலோரக் கிராமத்தில் போய்த் தங்கினார். வீட்டுக்குப் பக்கத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஏணி போட்டு உட்கார்ந்து நாள் கணக்கில் பார்த்தார். ஆண் பறவை கூட்டைப் பாதி கட்டும், பெண் வந்து பிடித்திருந்தால் ஏற்கும், பிறகு அந்த ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கும் என்கிற விஷயம் அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பெர்லினில் கற்றது பார்க்கும் முறையை. பார்த்தது ஊர்க் குருவியை.

மா. கிருஷ்ணன் அதற்கும் வெளிநாடு போகவில்லை. அவரே பல பாகங்களைப் பொருத்திச் சேர்த்த காமிராவில், கறுப்பு வெள்ளையில், யானையிலிருந்து வீட்டு முற்றத்துக் காக்கை வரை பார்த்தார். 1950லிருந்து 1996ல் கண்மூடும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் விடாமல் எழுதினார். தமிழிலும் எழுதினார். இன்றைய செல்போன் காமிரா அவர் பொருத்தியதைவிடப் பல விதத்தில் வசதியானது. வசதிக்கா பஞ்சம்?

இன்னும் சுலபமான வழியும் இருக்கிறது. 2015லிருந்து தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நாலு நாள். வீட்டு வாசல், வயல், ஏரிக்கரை, எங்கே வேண்டுமானாலும், குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து, பார்த்ததை எல்லாம் பட்டியலிட்டு இ-பேர்டில் ஏற்ற வேண்டும். கட்டணம் கிடையாது, பரீட்சை கிடையாது. பெயர் தெரியாத பறவையை விட்டுவிடலாம். பிப்ரவரியில் இதே மாதிரி உலகம் முழுக்க நடப்பதில் கல்லூரி வளாகங்களுக்கென்றே தனியாக ஒரு கணக்கெடுப்பும் உண்டு. வகுப்பு நண்பர்கள் கவனிக்க!

பொங்கல் என்பது எவ்வளவு பொருத்தமான நாள் பாருங்கள். பெங்களூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பேருந்து பிதுங்கப் பிதுங்க எல்லோரும் ஊருக்கு வருகிற நாள். வெளிநாட்டுக்காரரும் முடிந்தால் அப்போதுதான் டிக்கெட் போடுகிறார். வந்து என்ன செய்கிறார்? அஞ்சு நாளும் கறி விருந்து, நிலம் விலை விசாரிப்பு, செல்போனில் தலைகுனிவு. பெரிய லென்ஸ் இங்கிலாந்து அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, "இங்க என்னத்த எடுக்கறது" என்று.

இங்கிலாந்து ராபினுக்குப் படம் எடுக்க லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர் எடுக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் பொங்கலன்று நாகாவதி அணைக் கரையில் பதினைந்து நிமிடம் நின்று எழுதுகிற ஒரு பட்டியல், அந்த இடத்துக்கு அன்றைக்குக் கிடைக்கும் ஒரே பட்டியலாக இருக்கலாம். அதன் எடை வேறு. கூட ஊர்ப் பிள்ளைகள் நாலு பேரை அழைத்துப் போனால் அடுத்த வருடம் அவர்களே எழுதுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை: படத்துக்காகக் கூட்டைக் கலைக்காமல், கிளையை ஒடிக்காமல், கூடு இருக்கிற இடத்தை ஊருக்கெல்லாம் பரப்பாமல் இருக்க வேண்டும். இதெல்லாம் அங்கே அவர் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற விதிகள்தான்.

வெளிநாட்டில் பறவை பார்க்கிறவரை யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை. தனிமையில் ஒரு பறவை துணையாவது நல்ல விஷயம். அங்கே திறந்த கண்ணை ஊருக்கு வரும்போது மூடிக்கொள்வதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த ரகத்து ஆட்களின் வீடியோ அழைப்பு ஒன்றை நினைத்துப் பாருங்கள். மகன் ஜன்னல் பக்கம் போனைத் திருப்பி, "அம்மா, இதப் பாரேன், எவ்வளவு அழகா இருக்குது!" என்பான். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். "ஏன் கண்ணு, நம்ம கொட்டாய்ப் பக்கம் கல்லுவேலி மேல வால ஆட்டிக்கிட்டுக் குதிக்குமே, அது மாதிரியேதான இருக்குது?"

ஜெர்டனுக்கும் மன்றோவுக்கும் அந்த அம்மா பாடம் எடுத்திருப்பாள். மகன்தான் இன்னும் கேட்டபாடில்லை.